லேபிளில் நான் எழுதாத சொல்

மச்சான்,

இன்று காலை கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். அடுக்குமாடி கட்டத் தோண்டிய பள்ளத்திலிருந்து கருஞ்சேற்றை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழுகிய முட்டை வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் இழுத்து இழுத்து மோந்தேன். வாடை இன்னும் வருகிறதா என்று பார்ப்பது, நீ போன நாளிலிருந்து எனக்கு வழக்கம்.

மாமல்லபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி நம் தகரக் கொட்டகைக் கம்பெனி. பழைய கழிவிலிருந்து ஜெர்மானியம் பிரித்தெடுக்கும் வேலை. நான் பி.எஸ்ஸி. படித்த கெமிஸ்ட், நீ ஆபரேட்டர். ஜெர்மானியம் சல்பைடை முதன்முதலில் பார்த்தபோது, "பல்பொடியாட்டம் கீது மச்சான்" என்று சிரித்தாய். அது ஒரு வினோதமான பொருள். தண்ணீரில் கழுவினால் கெடும், அமிலத்தில் கழுவினால் கெடாது. துத்தநாக சல்பைடு அப்படியில்லை. அமிலம் பட்டதும் விஷவாயுவைக் கக்கும். ஆனால் அதுவும் வெள்ளைதான். ஈரத்தில் இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது.

அன்று வேறொரு ஆர்டருக்காகத் துத்தநாக சல்பைடு ஒரு டிரம் வந்திறங்கியது. லேபிள் எழுதுவது என் வேலை. சாப்பாட்டு நேரம், நல்ல பசி. 'சல்பைடு' என்று மட்டும் எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். நான் எழுதியதை நீ ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஜெர்மானியம் என்றே நம்பி, டிரம்மில் இருந்ததைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்து அமில வால்வைத் திறந்தாய்.

வெளியே மரத்தடியில் டப்பாவைத் திறந்தபோது உன் குரல் வந்தது. "மச்சான், முட்ட நாத்தம் கொடலப் புடுங்குது!"

"வெளிய வாடா!"

"இரு, வால்வ மூடிட்டு வரேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நாத்தம் போயிட்ச்சி. நீ துன்னு" என்றாய்.

நான் நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தேன். அளவு மீறினால் அந்த வாயு முதலில் மூக்கைத்தான் மழுங்கடிக்கும் என்று படித்தவன் நான். படித்தும் உறைக்கவில்லை. நான்கு வாய் சாப்பிட்ட பிறகுதான் எழுந்து ஓடினேன். தொட்டி ஓரத்தில் குப்புறக் கிடந்தாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு உன் காலைப் பற்றி இழுத்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் லேபிளைக் கிழித்துவிட்டேன். முதலாளி, "ஆபரேட்டரு கவனிக்காம ஊத்திட்டாரு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா சார்" என்று கையெழுத்துப் போட்டேன்.

காலையில் அந்த வாடையை மோந்த பிறகு இன்று வேலைக்குப் போகவில்லை. பஸ் மாறிக் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். உன் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அடிப்பாள், துப்புவாள் என்று காத்திருந்தேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிக்குக் காலைல அது எங்கூட சண்ட போட்டுகினு, நாஸ்தாகூடத் துன்னாம போச்சு. அந்த நெனப்புலதான் கவனம் தப்பி ஊத்திட்ச்சின்னு, இத்தினி வருசமா நான்தான் கொன்னுட்டேன்னு இருந்தேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

அண்ணா என்றாள், மச்சான். எல்லாம் கேட்ட பிறகும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

உன் சாவு ஒன்றுதான் என் கணக்கில் என்று நினைத்திருந்தேன். நான் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் அவள் அந்தப் பழியை விழுங்கியிருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கவும் வழியில்லை. அவள் கூப்பிட்ட அந்த 'அண்ணா'வைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.