முனியராஜின் வலது கை

நவம்பர் 10, திங்கள்

தீபாவளி முடிந்ததும் வருஷா வருஷம் சொல்லும் வசனத்தை முதலாளி இன்றும் சொல்லிவிட்டார். "மாசி பொறக்கவும் வா தாயி." பட்டாசு லேபிள் வரைகிறவளுக்கு லேபிள் ஆர்டர் வந்தால்தான் வேலை. அதுவரை வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். பதினோரு வருஷமாகப் பார்த்து, எங்கே எத்தனை விரிசல் என்பது வரை மனப்பாடம்.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, லேபிள் அச்சடிக்கும் எங்கள் பிரஸ்ஸுக்கு ஒரு போன். சென்னையில் புதிதாக விடப்போகும் மின்சார ரயில்களுக்கு உள்ளே ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டுமாம். கதவில் சாயாதே, புகை பிடிக்காதே என்று மொத்தம் ஆறு. முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி, மதுரையிலிருந்து ஒரு டிசைனரை வரவழைக்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"நான் போடுதேன் அண்ணாச்சி."

"ஒனக்கு வெடியத் தவிர வேற வராதே தாயி."

"ஒரு தடவ குடுத்துப் பாருங்க."

சென்னைக்காரர்களுக்குப் பிடித்துப்போனால் வருஷம் பூராவும் அந்த வேலை எனக்கு. இல்லாவிட்டால் சுவர்.

நவம்பர் 11, செவ்வாய்

அந்தப் புது மின்சார ரயில் எப்படி இருக்கும் என்று போனில் பார்த்தேன். உள்ளே ஏசி. கதவு தானாக மூடிக்கொள்கிறது. முனியராஜும் எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர், புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் வேலை.

"கதவு தானா மூடிக்கிருமா? அப்ப ஓடி வந்து ஏறுறவன் என்ன செய்வான்?"

"அவன் ஏறக் கூடாதுன்னுதான் மூடுது."

சாப்பிடும்போதும் அந்த ஆளுக்காக வருத்தப்பட்டார்.

நவம்பர் 13, வியாழன்

ஐந்து ஸ்டிக்கர் முடிந்தது. ஆறாவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது: "பட்டாசு எடுத்துச் செல்லக் கூடாது." அட, இது நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே! ஊதா நிறப் பின்னணி, நடுவில் ஒரு புஸ்வாணம், மேல் விளிம்பு வரை தங்கப் பொறி. மேலே சிவப்பில் ஒரு கோடு போட்டேன். பொறியை மறைத்தது. அதனால் கோட்டைக் கொஞ்சம் மெல்லிசாக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

நவம்பர் 17, திங்கள்

சென்னையிலிருந்து போன். "மேடம், அஞ்சு ஓகே. ஆறாவதுதான்... எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் இந்த ஐட்டம் எங்க கிடைக்கும்னு கேக்கறாங்க."

ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, தடுக்கச் சொன்னதற்கு விளம்பரம் வரைந்திருக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கலரே வேண்டாம் என்று கறுப்பில் ஒரு அணுகுண்டு வெடி வரைந்தேன். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெடி சரி. இந்தப் பிள்ள எதுக்குச் சிரிக்கிது?"

எந்தப் பிள்ளை? பார்த்தால் ஓரத்தில் ஒரு குழந்தை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. சத்தியமாக நான் வரையவில்லை, கை வரைந்திருக்கிறது. பதினோரு வருஷ லேபிளில் குழந்தை இல்லாத லேபிள் உண்டா?

வெள்ளிக்கிழமை வரை பொறுப்பாராம். அப்புறம் மதுரைக்குப் போன் போட்டுவிடுவாராம்.

நவம்பர் 19, புதன்

அழுதேன். வெங்காயம் உரித்தேன் என்று முனியராஜிடம் சொன்னேன். இன்று குழம்பில் வெங்காயமே இல்லை.

நவம்பர் 20, வியாழன்

சாயங்காலம் அடுப்படியில் நின்றபடி கேட்டேன்: "ஒங்க கம்பெனி வாசல்ல தீப்பெட்டி, செல்போன் கொண்டு வராதேன்னு போர்டு இருக்குல்ல? அதுல என்ன படம்?"

முனியராஜ் தலையைச் சொறிந்தார். "படமா? பன்னெண்டு வருசமாப் போறேன்... போர்ட யாரு பாத்தா? வாட்ச்மேன் பத்திரகாளி அண்ணன் வாசல்ல நின்னு இப்பிடிக் கைய நீட்டுவாரு. அம்புட்டுத்தான். பீடி, போனு எல்லாம் தன்னால வெளிய வந்துரும்."

வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கரண்டியைக் கீழே போட்டேன்.

"அப்படியே நில்லுங்க!"

அந்தக் கையை எனக்குத் தெரியாதா? எவ்வளவு கழுவினாலும் ரேகைக்குள் வெடிமருந்தின் வெள்ளிப் பொடி மினுங்கும். மோதிர விரல் கொஞ்சம் கோணல், பாதி நகம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பொறி பட்டுக் கருகியது. விரலோடு போயிற்று என்றார்கள் எல்லோரும். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அந்த விரலைத்தான் பார்க்கிறேன். பயத்தை எங்கெங்கோ தேடினேனே, வீட்டிலேயே இருந்திருக்கிறது.

"கையி வலிக்கிதுடீ. கொளம்பு வேற கருகுது."

"கருகட்டும்."

கைக்குப் பின்னால் ஒரு பட்டாசுப் பெட்டி வேண்டும். பரண்மேல் இருந்த காலிப் பெட்டி ஒன்றைப் பார்த்து வரைந்தேன். நான் லேபிள் போட்ட பெட்டிதான்.

நவம்பர் 21, வெள்ளி

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. வெரல் ஏன் கோணலா இருக்கு? நேராக்கீரு."

"அது அப்படித்தான் அண்ணாச்சி."

என் குரலில் என்ன கேட்டதோ, விட்டுவிட்டார்.

நவம்பர் 28, வெள்ளி

ஆறும் ஓகே! மதுரைக்காரர் மதுரையிலேயே இருக்கட்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

அச்சாகிப் போய்விட்டது. ஆனால் இது முதல் ரயிலுக்கு மட்டும்தானாம். ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, மற்ற ரயில்களுக்குச் சொல்வார்களாம். "ஒட்டுறது சரி தாயி. அதப் பாத்து ஒருத்தனாவது நிப்பானா?" என்றார் அண்ணாச்சி. மறுபடி சுவர்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்னும் தகவல் இல்லை. நாளை சென்னைக்குக் கிளம்புகிறோம். முனியராஜின் தங்கை பானுப்பிரியா மகளுக்கு ஞாயிறன்று காதுகுத்து. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் போக வேண்டும். சாத்தூர் காராச்சேவு மூன்று கிலோ வாங்கிப் பெட்டியில் போட்டுக் கட்டியாயிற்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்னும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

காலையில் தாம்பரத்தில் வந்து நின்றது அந்தப் புது ரயிலேதான். கதவு மூடும்போது முனியராஜ் கழுத்தை நீட்டி, யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்தார். நான் ஸ்டிக்கரைத் தேடினேன். எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது.

"ஏங்க, ஒங்க கை!"

கையைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கோணல் விரல். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

எதிரே இருந்த பெரியவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். எங்கள் மடியைப் பார்த்தார். மறுபடி ஸ்டிக்கரை. எழுந்து போய் ஒரு ரயில்வே போலீஸ்காரம்மாவைக் கூட்டி வந்தார். அந்தம்மா முனியராஜுக்கு நேரே கையை நீட்டினார்.

இவர் டக்கென்று எழுந்து செல்போனை எடுத்து அந்தக் கையில் வைத்தார். பன்னிரண்டு வருஷப் பழக்கம்!

"போன் எதுக்குய்யா? பெட்டியத் திற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் துணி, வெங்காயம், பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாமே பட்டாசுப் பெட்டியில்தான் இருக்கும். சேவுக்கு நான் இறக்கியதும் பரண்மேல் இருந்த அதே பெட்டி.

"சேவுங்கம்மா, காராச்சேவு! தின்னு பாக்கீகளா?" என்று முனியராஜ் கயிற்றை அவிழ்த்தார். ஏசிப் பெட்டி முழுக்கப் பூண்டு வாசம்.

"ஸ்டிக்கர்ல இருக்கிற அதே பாக்ஸ்மா, அதான் சொன்னேன்" என்று பெரியவர் கூச்சப்பட்டார். அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. இரண்டு கை நிறையச் சேவு அள்ளிக் கொடுத்தேன். பிடிபட்டவள் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

இறங்கியதும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஒருத்தனாவது நிப்பானான்னு கேட்டீகள்ல? ரெண்டு பேரு நின்னுட்டோம்."

பிப்ரவரி 10, செவ்வாய்

மாசி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் பிரஸ்ஸில் இருந்தேன். மற்ற ரயில்களுக்கும் நம் ஸ்டிக்கர்தான். ஏழாவதாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்கள்: "ஓடி வந்து ஏறாதீர்கள்."

இதோ சாயங்காலம், அந்தப் படத்துக்காக முனியராஜ் எங்கள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது சுற்று. வரைந்து முடித்துவிட்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.