கழுத்துக் குழாயும் சகலையின் சூப்பும்

மார்ச் 4, செவ்வாய்
காலை அளவு 310 மில்லி. தைராய்டு அறுவை முடிந்து ஆறு நாளாகியும் என் மனைவியின் கழுத்துக் குழாயில் பால் மாதிரி நீர் வடிகிறது. சாப்பாட்டுக் கொழுப்பைச் சுமந்து போகிற நாளம் ஒன்று காயப்பட்டுக் கசிகிறதாம். டயட்டீஷியன் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்திருக்கிறார். அதில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. கசிகிற வழியைத் தொடாமல் நேரே ஈரலுக்குப் போய்விடுமாம். வேறு எந்தக் கொழுப்பும் வாயில் படக்கூடாது. அடுத்த வாரம் வெள்ளிக்குள் நூறுக்குக் கீழே இறங்காவிட்டால் கழுத்தைத் திரும்பத் திறப்பார்கள்.

நான் எடைப் பாலத்தில் லாரி எடை போடுகிறவன். சமையலுக்கும் எனக்கும் வெகுதூரம். வேகவைத்த காரட்டில் அந்த எண்ணெயைக் கலந்து, சோற்றோடு கொண்டுபோனேன். மூன்றே வாய். "வயிறு நெறஞ்சிடுச்சுங்க."

மார்ச் 5
சகலை வந்தான் - அவள் தங்கை கணவன், தையற்காரன். பாட்டிலில் பாதியை நேற்றுதான் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தேன். முட்டை வெள்ளைக்கரு சூப்பு வைத்துக் கொண்டுவந்தான். கிண்ணம் காலி! நேற்று நிறைந்த வயிறு இன்று எங்கே போயிற்று?

போதாக்குறைக்கு, குழாயின் குடுவையைப் போட்டுக்கொள்ளப் பூத்துணியில் ஒரு பை. நான் அதை அவள் உடையில் ஊக்கு குத்தி வைத்திருந்தேன். ஊக்கைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தாள். "தம்பிக்கு எப்படித் தோணியிருக்கு பாருங்க!"

ஆமாம், எனக்குத் தோணவில்லைதான்.

மார்ச் 7
170. "தம்பி சூப்பு ராசி" என்கிறாள். ராசியாம்! வயிறு எரிகிறது எனக்கு. பன்னிரண்டு வருஷமாகக் கூட இருக்கிறவன் நான். இரண்டு கரண்டி சூப்பில் அவன் பேரைத் தட்டிக்கொண்டு போகிறான்.

மார்ச் 8
செல்பேசியில் தேடினேன். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எதிலெல்லாம் இருக்கிறது? தேங்காய் எண்ணெய், பனைவிதை எண்ணெய், பாலிலும் வெண்ணெயிலும் கொஞ்சம். தேங்காய் எண்ணெய்தான் முதலில்! வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. இது தெரியாமல் அந்த ருசியற்ற பாட்டிலோடு மாரடித்திருக்கிறேன். காரட்டைத் தேங்காய் எண்ணெயில் வதக்கினேன், தாராளமாக.

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். சகலையின் சூப்பு பாதி மிச்சம். வீடு வரும்வரை சீட்டியடித்தேன்.

மார்ச் 9
260. இன்றும் வதக்கினேன். இன்றும் வழித்துச் சாப்பிட்டாள். அளவு நாளைக்கு இறங்கும்.

மார்ச் 10
390. டயட்டீஷியன் என்னையும் சகலையையும் நிற்கவைத்துக் கேட்டார். "கொழுப்பு எதாவது சேந்துச்சா?" என் காரட் நினைவுக்கே வரவில்லை, சத்தியமாக. அதுதான் பட்டியலிலேயே இருக்கிறதே.

சகலை தலையைச் சொறிந்தான். "மஞ்சக்கரு கொஞ்சம் கலந்திருக்கலாம் மேடம். என் தப்பாத்தான் இருக்கும். இனிமே கொண்டு வரல." முகம் சுண்டிப்போய்விட்டது அவனுக்கு.

எனக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அற்பன்தான். என் நோட்டில் எழுதாமல் வேறு எங்கே எழுத?

மார்ச் 11
430. சூப்பு நின்று ஒரு நாள் ஆகிவிட்டது. நேற்று அவள் சாப்பிட்டது என் காரட்டும் சோறும்தான். அப்புறம் எப்படி ஏறும்?

வெள்ளிவரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே திறந்துவிடலாம் என்கிறார் டாக்டர். அவள் பூத்துணிப் பையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

டயட்டீஷியன் அறைக்குப் போனேன். "தேங்கா எண்ணெய்லயும் அதே கொழுப்புதானே மேடம்?"

"இருக்கு சார். ஆனா நமக்கு வேண்டியது ஆறுல ஒரு பங்குகூடத் தேறாது. பாதி லாரிக் அமிலம். அதுக்குப் பேருதான் நடுத்தரம், பெரும்பாலும் போறது பெரிய கொழுப்பு போற வழியிலதான். ஏன் கேக்கறீங்க?"

ஏன் கேக்கறேன்! பழி சகலை தலையில் பத்திரமாக இருந்தது. இன்றோடு தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அரை நிமிஷம் இப்படியும் நினைத்தேன். ஆனால் நான் சொல்லாவிட்டால் நாளைக் காலையில் அவள் கழுத்தில் கத்தி வைப்பார்கள்.

சொல்லிவிட்டேன். டாக்டர் சத்தம் போட்டார். பிறகு, பழைய வெள்ளிக்கிழமைக் கெடுவே இருக்கட்டும் என்றார்.

அவளிடமும் சொன்னேன். "மொத வாய்லயே தெரிஞ்சுதுங்க. கேட்டுட்டுதான் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன். நான் சாப்பிடறதையே பாத்துக்கிட்டு நின்னீங்களே... அந்த மூஞ்சிக்காகத்தான் வழிச்சு சாப்ட்டேன். எனக்கு ஒரே திகட்டல்."

ஐயோ.

மார்ச் 12
280. தையல் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டான். "போங்கண்ணே, ரெண்டு நாளா வீட்ல முட்டையப் பாத்தாலே பயந்துக்கிட்டிருக்கேன்!" என்று சிரித்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கு சூப்பு கொண்டு வா" என்றேன். என் வாயாலேயே.

மார்ச் 13
150.

மார்ச் 14, வெள்ளி
85. திறக்கவில்லை.

மார்ச் 19
குழாயை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு சின்னத் துணிக்கட்டுதான். வீட்டுக்கு வந்தாயிற்று, இன்னும் சில வாரம் அதே பாட்டில் எண்ணெய். அவள் முன்னால் இரண்டு கிண்ணம், அவன் சூப்பும் என் காரட்டும். அவன் கிண்ணம்தான் முதலில் காலியானது. பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு என் கிண்ணத்தை இழுத்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தள்ளி வைத்தாள். "உப்பே இல்லங்க. நல்லால்ல."

உப்புப் போட்டுக் கொண்டுவந்தேன்.