மூன்றாம் தட்டு, இடது ஓரம்

அக்கா,

இன்று காலை தாவரவியல் ஆய்வகத்தைத் தாண்டிப் போகும்போது கிராம்புத் தைல வாசம் வந்தது. உள்ளே யாரோ ஸ்லைடு தயார் செய்துகொண்டிருந்தார்கள். உங்கள் புடவையில் எப்போதும் இருந்த வாசம். கையில் இந்த ஆண்டுக்கான ரசாயனப் பட்டியலோடு, சாரல் அடிக்கும் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீங்கள் இறந்த பிறகு உங்கள் அலமாரியைச் சரிபார்க்க நான் வருவது இதுதான் முதல் தடவை.

நமக்குள் ஆரம்பத்தில் ஒத்துப்போகவில்லை. நான் வேதியியல், நீங்கள் தாவரவியல். பதினோரு வருடம் எதிரெதிர் அறைகளில் இருந்தும் ஒருவரையொருவர் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டதோடு சரி. அந்த ஆனி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. ஒவ்வொரு ஆய்வகத்திலும் என்னென்ன ரசாயனம் இருக்கிறது, எப்போது வாங்கியது, எப்போது திறந்தது, எதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்று பார்த்து எழுத வேண்டும். முதல்வர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். மற்ற துறைகள் ஒரு வாரத்தில் முடிந்தன. உங்கள் அலமாரி மட்டும் திறக்கவில்லை.

முதல் நாள் தேர்வு என்றீர்கள். மறுநாள் சாவி வீட்டில் இருக்கிறது என்றீர்கள். மூன்றாம் நாள், ஒரு பாட்டிலும் இடம் மாறக் கூடாது, பட்டியல் வேண்டுமானால் நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று அலமாரியைத் திறக்காமலேயே தட்டு தட்டாக ஒப்பித்தீர்கள். எனக்கு அது திமிராகப் பட்டது. ஒத்துழைக்க மறுக்கிறார் என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு மெமோ வந்தது. அன்று மாலையே சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் இருவரும் அலமாரி முன்னால் நின்றோம். நான் லேபிளைப் படிக்கும் முன்பே நீங்கள் பெயரைச் சொன்னீர்கள். இரண்டாம் தட்டு வலது ஓரம் சாஃப்ரனின் சாயம் என்றால் அது சாஃப்ரனின்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. மூன்றாம் தட்டு, இடது ஓரம், பெட்ரோலியம் ஈத்தர் என்றீர்கள். வருடத்துக்கு ஒருமுறை பச்சையம் பிரித்துக் காட்டுவதற்கு மட்டும் எடுக்கிற பாட்டில் அது. அடுத்த மாதம் அந்தச் செய்முறை வகுப்பு இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். லேபிளில் டை எத்தில் ஈத்தர் என்று இருந்தது. திறந்து பல வருடம் ஆகியிருந்தது. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நாள்பட்ட ஈத்தரில் காற்றுப் பட்டால் அப்படிப் படியும். மூடியைத் திருகும் உரசலே போதும், வெடித்துவிடும். இது வேறு ஈத்தர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், இருக்காதே என்று சொல்லிக்கொண்டே மோந்து பார்ப்பதற்காக மூடியில் கை வைத்துவிட்டீர்கள். உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"திறக்காதீங்க. மூடியில பூத்திருக்கு."

"என்ன பூத்திருக்கு?"

"வெள்ளையா, உப்பு மாதிரி. தெரியலையா?"

விரல்களை ஒவ்வொன்றாக மூடியிலிருந்து எடுத்தீர்கள். "தெரியல" என்றீர்கள்.

அறையைப் பூட்டினோம். அந்தப் பக்கம் யாரும் வராமல் வராந்தாவை மறித்தோம். தீயணைப்புத் துறைக்குச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து, அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து பாட்டிலை அப்புறப்படுத்தினார்கள்.

அந்த இரண்டு நாளில்தான் நீங்கள் எல்லாவற்றையும் சொன்னீர்கள். சர்க்கரை கண்ணில் இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நடக்கலாம், ஆளை அடையாளம் தெரியும், சின்ன எழுத்து மட்டும் கரைந்துபோய்விடும். ஆய்வக உதவியாளர் முத்தையா அண்ணாச்சி இருந்தவரை அவர் படித்துச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற பின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பாட்டில்களின் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டீர்கள். கோடை விடுமுறையில் வெள்ளையடித்தவர்கள் அலமாரியை ஒதுக்கி வைத்தபோது ஏதோ மாறிப்போயிருக்கிறது. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தீர்கள்.

அறிக்கை எழுதும் பொறுப்பும் எனக்குத்தான் வந்தது. லேபிள் அழிந்திருந்ததால் பாட்டில் மாறிவிட்டது என்று எழுதினேன். சாரல் காலத்து ஈரத்தில் லேபிள் உரிவது நம் ஊரில் சாதாரணம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மெமோ வாங்கிக் கொடுத்ததற்கு ஏதோ ஈடு செய்வதாகவும் நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டீர்கள்.

"அந்த வரிய அடிச்சிருங்க. லேபிள் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தெரியல."

பிறகு எழுந்து நீங்களே முதல்வர் அறைக்குப் போனீர்கள். நான் வெளியே நின்றேன். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னீர்கள். செய்முறை வகுப்புகளிலிருந்து உங்களை எடுத்துவிட்டார்கள். பாடம் மட்டும் நடத்தலாம் என்றார்கள். ஆசிரியர் அறையில் சிலர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நீங்கள் வழக்கம்போல ஒன்பதேகால் பஸ்ஸில் இறங்கி வகுப்புக்குப் போனீர்கள். எப்போது உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சிறுநீரகமும் கெட்டது. இலத்தூர் வீட்டுக்கு உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தப் புகாரைப் பற்றிப் பேச நினைப்பேன், வாய் வராது. கடைசியாக வந்தபோது கேட்டேவிட்டேன். என்மேல் கோபம் இருந்ததா என்று.

"ஏட்டி, இல்லாம இருக்குமா? ஒரு மாசம் உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. ஆனா நீ எழுதிக் குடுக்கலைன்னா, அந்த மூடிய நான் பிள்ளைகளச் சுத்தி நிக்க வச்சிக்கிட்டுத் திறந்திருப்பேன்."

ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஆறு மாதமாக என் வலது கை நடுங்குகிறது அக்கா. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குறையாது என்று டாக்டர் சொல்கிறார். இத்தனை நாளும் கையைக் கோட்டுப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்தேன். போன வாரம் செய்முறை வகுப்பில் கந்தக அமிலம் அளக்க வேண்டியிருந்தது. பாட்டிலை எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன். மாணவிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கூட இருந்த ஆசிரியையிடம் சொன்னேன்.

"எனக்குக் கை நடுங்குது. இனிமே ஆசிட் நீங்க ஊத்துங்க. நான் பக்கத்துல நிக்குதேன்."

அவர் சரி என்று பாட்டிலை வாங்கிக்கொண்டார். வகுப்பு நடந்தது.

இப்படி ஒன்றை வெளியே சொல்ல உங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. எனக்கு ஆறு மாதத்தில் முடிந்தது, நீங்கள் சொன்னதைப் பார்த்திருந்ததால்.