மருந்து சேர்த்த துண்டு

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே நலம்; முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள்.

உன் அண்ணன் கப்பலில் இரண்டாம் இஞ்சினியர் ஆகிவிட்டான். தம்பிக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு. அத்தை மகள் வக்கீல் கவுன் போட்டுவிட்டாள். நீயோ கடற்பாசியிலிருந்து பிசின் எடுத்து, கிருமியைக் கொல்லும் மருந்து கலந்து, புண்ணுக்கு ஜெல் செய்கிறாய். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லாரும் நன்றாக இருக்கிறீர்கள். எல்லாரும் தூரத்தில் இருக்கிறீர்கள்.

போன கடிதத்தில் நீ வைத்திருந்த படத்தை, கட்டு மாற்ற வரும் நர்ஸிடம் காட்டினேன். கண்ணாடித் தட்டில் இரண்டு ஜெல் துண்டு. ஒன்றை அப்பிக்கொண்டு என்னவோ பூத்தாற்போல் மொய்த்திருந்தது. மற்றதைச் சுற்றி வெறும் வட்டம். நான் மொய்த்திருந்ததைத் தொட்டு, “இதான் என் பேத்தி செஞ்சது, எவ்வளவு கூட்டம் பாரு” என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐயோ பாட்டி, அது அத்தனையும் கிருமி! மருந்து சேர்க்காத துண்டு அது. ஒண்ணும் அண்டாம தனியா இருக்கு பாருங்க, அதுதான் உங்க பேத்தியோடது” என்றாள். எனக்குப் பெருமைதான். ஆனாலும் அவள் போன பிறகு அந்த வெறும் வட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. சர்க்கரை உடம்பு, இனி அந்தப் புண் ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை விரலை எடுக்கிறார்கள். அதோடு நின்றால் சரி, இல்லாவிட்டால் பாதம் வரைக்கும் போகுமாம். கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் யாராவது வேண்டும் என்றார்கள். “நானே போடறேன், அஞ்சாம் வகுப்பு அதுக்குப் போதும்” என்றேன். உன் அப்பாவிடம் மூச்சு விடாதே. லீவு கிடைக்காமல் தவித்துப்போவான்.

உன் ஜெல்லைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. இப்போதைக்குத் தட்டில்தான் வேலை செய்கிறது, மனிதர்களுக்கு வர இன்னும் எட்டு வருஷம் ஆகும் என்று நீதான் எழுதியிருந்தாயே. அவசரப்படாமல் செய். வேறு யார் காலாவது பிழைக்கட்டும். உன் கை நன்றாயிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கவேண்டும். ஒரு புதுப் படம் தபாலில் போடு. தட்டு வேண்டாம், கண்ணே. உன் முகம் தெரிகிற மாதிரி எடுத்துப் போடு. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்று தோன்றினாலும் போட்டுவிடு.

உன் பாட்டி