கதவுப்பலகையில் அவர் பட்டம்

யுடித்,

பூசணிக்காய் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. கொதிக்க விடாமல் சூடாக்கு. பத்து மணிக்குப் புகைபோக்கி துடைப்பவர் வருவார், கதவைத் திற.

நேற்று நீ கேட்டாய்: "பட்டம் வெறும் காகிதம் அத்தை. இப்ப கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதிடுது, எனக்கு யாரு வேலை தரப்போறா? நீங்களும் பட்டம் இல்லாமதானே முப்பது வருஷம் புரோகிராம் எழுதினீங்க?" நான் சாப்பாட்டின் பாதியில் எழுந்து போனேன். கோபம் என்று நினைத்திருப்பாய். அது பொறாமை.

கதவுப்பலகையில் உன் மாமாவின் பெயருக்கு முன் 'இன்ஜினியர்' என்ற பட்டம் இருப்பதால் ரொட்டிக்கடைக்காரி என்னையும் "வாங்க இன்ஜினியரம்மா" என்கிறாள். நான் எழுதிய நிரல்களுக்காக எவரும் என்னை அப்படி அழைத்ததில்லை. எனக்கு மறுக்கப்பட்ட பல்கலைக்கழக இடத்தில் நீ இரண்டு ஆண்டுகள் அமர்ந்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து வருகிறாய். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தபாலில் சேர்க்கச் சொன்ன உன் விலகல் படிவத்தை மேசையிலேயே விட்டுச் செல்கிறேன்.

அத்தை எடெல்ட்ராவுட்

பி.கு. படிவத்தில் கையெழுத்திட மறந்துவிட்டாய். அப்படியே அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்கும்; அதற்குள் விலகுவதற்கான கெடுவும் முடிந்திருக்கும். அப்படியே அனுப்பிவிட ஆசையாகத்தான் இருந்தது. கையெழுத்திடுவதானால் மூன்றாம் பக்கத்தில், கறுப்பு மையில்.