தாண்டிப் போன ஊர்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

இன்று பஸ்ஸில் எங்கள் ஊரைத் தாண்டிப் போய்விட்டோம். நான்தான் காரணம்.

நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு இவருக்கு வலது விலாவில் நரம்பு வலி. புண் ஆறி வருஷமாகியும் சட்டை உரசினாலே எரிகிறது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. அதனால் பாளையங்கோட்டையில், தலையில் காந்தச் சுருள் வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சைக்குக் கொஞ்ச நாளாகப் போய்வருகிறோம்.

திரும்பும்போது இவர் தூங்கிவிட்டார். பக்கத்தில் நின்றவரின் பை அந்த விலாவிலேயே உரசிக்கொண்டிருந்தது. இவர் அசையவில்லை. எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரி வந்தது. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

தென்திருப்பேரையில் கண்டக்டர் சத்தம் போட்டுத்தான் விழித்தார்.

"ஏட்டி, ஊரு தாண்டிட்டே! எழுப்பக் கூடாதா?"

"அந்தப் பை இடிச்சிக்கிட்டே வந்துச்சே, வலிக்கலையா ஒங்களுக்கு?"

விலாவை மெல்லத் தொட்டுப் பார்த்தார். "வலி இருக்கு. ஆனா எங்கயோ தள்ளி இருக்க மாரி இருக்கு."

இது நிலைக்குமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குப் பயம்.

திரும்பி வரும் பஸ்ஸுக்காகத் தூறலில் நின்றோம். சட்டை நனைந்து விலாவோடு ஒட்டியது. இவர் அதைப் பிடித்து விலக்கவே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குடை என் பையில்தான் இருந்தது.