உன் இடத்தில் இன்று நான்

அண்ணா,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். சாவி வழக்கமான ஆணியில் இருக்கிறது.

நேற்று நீ குளித்துக்கொண்டிருந்தபோது கோச் போன் செய்தார். "உன் அண்ணனுக்கு முட்டி தேறிடுச்சாடா? அரையிறுதிக்கு வந்துடுவானா?" என்று கேட்டார். "இன்னும் நொண்டுறான் சார்" என்றேன். ஒரு வாரமாக நீ மாடிப்படியில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "அப்ப கோல்ல நீ நில்லு" என்றார். பட்டியலும் கொடுத்தாயிற்று; இனி மாற்ற முடியாது.

ஆறு வருஷம் பெஞ்சைத் தேய்த்தேன். "இவன் தண்ணி பாட்டில் தூக்கத்தான் லாயக்கு" என்று எல்லார் முன்னாலும் நீ சிரித்தது மறக்கவில்லை.

உன் ஹாக்கி மட்டையை எடுத்துப் போகிறேன்.

பி.கு.: தம்பிக்காக நீயே விட்டுக்கொடுத்தாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கட்டிக்கொள்ள வேலையிலிருந்து சீக்கிரமே வருகிறாள். முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்.